தானியங்கும் ஆயுதமும் மனிதப் பொறுப்பும்

விளைந்து நிற்கும் பயிரைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பதற்காக வயலைச் சுற்றியுள்ள கம்பிவேலியில் மின்சாரத்தைப் பாய்ச்சும் வழக்கம், சட்டம் தடுத்தும், நாட்டின் பல பகுதிகளில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. மாலையில் வேலிக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டு உழவர் வீடு திரும்புகிறார். இரவு முழுவதும் வேலி காவல் காக்கிறது. பன்றி தொட்டாலும் அது தாக்கும். யானை தொட்டாலும் தாக்கும். நீர் பாய்ச்ச வந்த பக்கத்து வயற்காரர் இருளில் தொட்டாலும் தாக்கும். தொட்டது எது என்று வேலி ஆராய்வதில்லை. இவ்வாறு மனித உயிர்கள் பறிபோனபோதெல்லாம் நீதிமன்றம் மின்சாரத்தைப் பாய்ச்சியவரையே விசாரித்துள்ளது. அவ்வேளையில் உறங்கிக்கொண்டிருந்ததாக அவர் கூறும் விடை, அவரைப் பொறுப்பினின்றும் விடுவிப்பதில்லை.

இந்த வேலிக்குக் கண்ணும் சிறகும் வாய்த்து, அது பறந்து திரிந்து, தான் தாக்கவேண்டியது எது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்பட்டால், அப்போதும் பொறுப்பு அதனை ஏவிவிட்ட மனிதனிடமே இருக்குமா? செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இயங்கும் ஆயுதங்களைப் பற்றி விஞ்ஞானிகளும் சட்ட அறிஞர்களும் அரசாங்கங்களும் விவாதித்துவரும் பிரச்சினையின் சாரம் இதுவே.

தானியங்கும் ஆயுதம் யாது?

துப்பாக்கியில் இலக்கைத் தேர்ந்தெடுப்பவனும் விசையை இழுப்பவனும் மனிதனே. தொலைவிலிருந்து இயக்கப்படும் ஆளில்லா விமானத்திலும் அவ்வாறே. விமானி ஆயிரம் மைலுக்கு அப்பால் அமர்ந்திருந்தாலும், திரையில் தெரியும் உருவத்தைப் பார்த்து முடிவு செய்பவர் அவரே. இயக்கிவிட்டபின் வேறெவருடைய தலையீடும் இன்றித் தானே இலக்கைத் தேர்ந்து, தானே தாக்கும் கருவியே தானியங்கும் ஆயுதம் எனப்படும். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அதற்குத் தரும் விளக்கம் ஏறத்தாழ இதுவே.

இத்தகைய கருவிகள் முற்றிலும் புதியவை என்று கருதுவது தவறு. போர்க்கப்பலை நோக்கிப் பாய்ந்து வரும் ஏவுகணையைச் சில விநாடிகளில் கண்டறிந்து சுட்டு வீழ்த்தும் ‘பாலன்க்ஸ்’ என்னும் அமெரிக்கப் பீரங்கி 1980-களிலிருந்தே கப்பல்களில் பொருத்தப்பட்டு வந்துள்ளது. பகைவருடைய ராடார் நிலையத்தின் அலைகளைத் தேடிப் பறந்து, கண்டவுடன் அதன்மேல் மோதி வெடிக்கும் ‘ஹார்ப்பி’ என்னும் கருவியை இஸ்ரேல் உருவாக்கியது. இவற்றிலெல்லாம் இலக்கின் வகை குறுகியது. ஏவுகணை அல்லது ராடார். மனிதனே இலக்காகும்போது பிரச்சினை வேறு வடிவம் கொள்கிறது. லிபியாவில் 2020-ஆம் ஆண்டு நடைபெற்ற சண்டையின்போது, பின்வாங்கிச் சென்ற படையினரைத் துருக்கியில் செய்யப்பட்ட ‘கார்கு-2’ என்னும் சிறு பறக்கும் ஆயுதம் தேடித் தாக்கியதாக, ஐக்கிய நாடுகள் சபையின் வல்லுநர் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கை குறிப்பிட்டது. அதனால் எவரேனும் மாண்டனரா என்பதை அவ்வறிக்கை திட்டமாகக் கூறவில்லை. எனினும், அக்குறிப்பு உலகெங்கும் கவலையை எழுப்பியது.

யந்திரம் எவ்வாறு ‘அறிகிறது’?

யந்திரம் இலக்கை ‘அறிந்துகொள்கிறது’ என்று சொல்லும்போது, மனிதன் அறிந்துகொள்வதைப் போன்றதே அது என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. உண்மையில் இவ்விரண்டும் வேறு. கணிப்பொறிக்கு ஒரு படம் என்பது எண்களின் தொகுதியே. படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் நிறமும் எண்களாகப் பதிவாகின்றன. ‘இது வாகனம்’, ‘இது மரம்’ என்று பெயரிடப்பட்ட பல்லாயிரம் படங்கள் முதலில் அதற்குக் காட்டப்படுகின்றன. கணிப்பொறி தன்னுள் இருக்கும் இலட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே வந்து, பெரும்பாலும் சரியான பெயரைத் தரும் நிலையை அடைகிறது. இதனையே பயிற்சி என்பர். பயிற்சி முடிந்தபின் புதிய படம் ஒன்றைக் காட்டினால், அது இன்னதாக இருக்கக்கூடும் என்பதற்கான ஒரு மதிப்பெண்ணை அது தருகிறது. அம்மதிப்பெண் வெறும் கணக்கின் விளைவே. வாகனம் என்றால் என்ன, அதனுள் யார் இருக்கக்கூடும் என்ற பொருளுணர்வு அதனிடம் இல்லை.

இதன் விளைவை ஒரு சோதனை நன்கு விளக்குகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மாணவர்கள் 2017-ஆம் ஆண்டில் பிளாஸ்டிக்கினால் ஒரு பொம்மை ஆமையைச் செய்தனர். அதன் ஓட்டின்மேல் வண்ணங்களைக் குறிப்பிட்டதொரு முறையில் அமைத்தனர். மனிதக் கண்ணுக்கு அது ஆமையாகவே தோன்றியது. ஆனால், படங்களை இனங்காண்பதில் அக்காலத்தில் சிறந்ததெனக் கருதப்பட்ட ஒரு கணிப்பொறி நிரல் அதனைப் பெரும்பாலான கோணங்களில் துப்பாக்கி என்றே கூறியது. குழந்தை செய்யாத பிழையை யந்திரம் செய்தது. ஆமையைத் துப்பாக்கி என்று கொள்ளும் கண், மண்வெட்டியைத் தோளில் சுமந்து செல்லும் உழவரைக் கண்டால் என்ன சொல்லும் என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது.

பிழை மிகக் குறைவாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு விடையாக ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டத்தக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு சந்தையில் 10,000 பேர் கூடியிருப்பதாகவும், அவர்களுள் 10 பேர் மட்டுமே ஆயுதம் தாங்கிய பகைவர் என்றும் வைத்துக்கொள்ளலாம். 100 முறைக்கு 99 முறை சரியாகச் சொல்லும் யந்திரம் ஒன்று அனைவரையும் பார்வையிடுகிறது. பகைவர் பதின்மரையும் அது ஏறத்தாழச் சரியாகவே காட்டிவிடும். எஞ்சிய 9,990 பேரில் நூற்றுக்கு ஒருவரை, அதாவது சுமார் 100 பேரை, அது தவறாகப் பகைவர் என்று காட்டும். ஆகவே, அது சுட்டிக்காட்டும் 110 பேரில் 100 பேர் குற்றமற்றவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற உயர்ந்த மதிப்பெண், தேடப்படுவோர் மிகச் சிலராக இருக்கும் இடத்தில், இவ்வளவு பெரிய அநீதிக்கு இடந்தருகிறது.

வேறொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. ஒரு போர்வீரன் செய்யும் பிழை அவனோடு நிற்கும். ஒரே நிரலால் இயங்கும் ஆயிரம் கருவிகளில், நிரலில் உள்ள பிழை ஆயிரத்திலும் ஒரே வேளையில் இருக்கும்.

மூன்று நிகழ்ச்சிகள்

யந்திரத்தின் அருகில் ஒரு மனிதரை அமர்த்திவிட்டால் இக்குறை நீங்கிவிடும் என்று பலர் கருதுவர். இக்கருத்து எவ்வளவு தூரம் சரியானது என்பதை, நன்கு ஆராயப்பட்ட மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு மதிப்பிடலாம். இவற்றுள் எதிலும் இன்றைய செயற்கை நுண்ணறிவு இடம்பெறவில்லை. ஆனால், யந்திரத்தின் சொல்லைக் கேட்டு விரைவில் முடிவு செய்யவேண்டிய நிலை மூன்றிலும் இருந்தது.

முதலாவது, சோவியத் யூனியனில் 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் நிகழ்ந்தது. அமெரிக்கா அணு ஆயுத ஏவுகணைகளைச் செலுத்தினால் அதனை உடனே அறிவிக்கும்பொருட்டுச் சோவியத் நாடு செயற்கைக் கோள்களை நிறுவியிருந்தது. மாஸ்கோவுக்கு அருகில் உள்ள கேந்திரத்தில் அன்றிரவு பொறுப்பில் இருந்தவர் லெப்டினண்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெட்ரோவ். ஓர் ஏவுகணை புறப்பட்டுவிட்டதாகக் கணிப்பொறி முதலில் அறிவித்தது. பின்னர் மேலும் நான்கு புறப்பட்டதாக அறிவித்தது. பதில் தாக்குதல் பற்றி மேலிடத்தார் முடிவு செய்வதற்குச் சில நிமிடங்களே இருந்தன. பெட்ரோவ் சிந்தித்தார். உலகையே அழிக்கக்கூடிய போரை ஒரு நாடு தொடங்கினால் ஐந்தே ஏவுகணைகளைக் கொண்டு தொடங்குமா? இந்த எச்சரிக்கை முறையும் புதியதாயிற்றே! தரையிலுள்ள ராடார்களும் எதையும் காட்டவில்லையே! இவற்றையெல்லாம் எண்ணி, எச்சரிக்கை தவறானது என்று அவர் மேலிடத்துக்கு அறிவித்தார். அவர் எண்ணியதே சரி. உயரத்திலிருந்த மேகங்களின்மேல் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைச் செயற்கைக் கோள் ஏவுகணையின் தீப்பிழம்பு என்று கொண்டிருந்தது. அதன்பின் அவருக்குப் பரிசு வழங்கப்படவில்லை. அன்றிரவு பதிவேட்டைச் சரிவர எழுதவில்லை என்ற கண்டனமே கிடைத்தது. நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே உலகம் அறிந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 1988-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் நாள் பாரசீக வளைகுடாவில் நேர்ந்தது. பந்தர் அப்பாஸ் நகரிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரானியப் பிரயாணிகள் விமானம் ஒன்றை, ‘வின்சென்ஸ்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் பகைவரின் போர்விமானம் என்று கருதிச் சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 290 பேரும் மாண்டனர். அவர்களுள் 66 பேர் குழந்தைகள். பத்துப் பேர் இந்தியர். கப்பலில் இருந்த ‘ஏஜிஸ்’ என்னும் கணிப்பொறி முறை அக்காலத்தில் மிகச் சிறந்தது. விமானம் மேலேறிக்கொண்டிருந்தது என்பதை அது சரியாகவே பதிவு செய்திருந்தது. ஆனால், கப்பலில் இருந்தவர்கள் விமானம் தங்களை நோக்கிக் கீழிறங்குவதாகக் கூறிக்கொண்டனர். அவ்வேளையில் சிறு படகுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. விமானம் தரையைவிட்டுக் கிளம்பியதற்கும் தாக்கப்பட்டதற்கும் இடையே ஏழு நிமிடங்களே இருந்தன. தாக்குதலை எதிர்பார்த்திருந்த மனம், எதிர்பார்த்ததையே கண்டது. பின்னர் நடந்த அமெரிக்கக் கடற்படை விசாரணையும், நெருக்கடியின்கீழ் தகவல்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. 1996-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மாண்டவர்களின் குடும்பத்தினருக்கென 61.8 மில்லியன் டாலர் வழங்க அமெரிக்கா ஒப்புக்கொண்டது.

மூன்றாவது நிகழ்ச்சி 2003-ஆம் ஆண்டு ஈராக் யுத்தத்தின்போது நேர்ந்தது. மார்ச் 23-ஆம் நாள், பணி முடித்துத் திரும்பிய பிரிட்டிஷ் ‘டொர்னாடோ’ விமானம் ஒன்றை, நட்பு நாடாகிய அமெரிக்காவின் ‘பேட்ரியட்’ ஏவுகணை வீழ்த்தியது. விமானத்தில் இருந்த இருவரும் மாண்டனர். வருவது ராடாரைத் தாக்கும் பகைவரின் ஏவுகணை என்று யந்திரம் வகைப்படுத்தியது. நட்பு விமானம் என்பதைத் தெரிவிக்கும் அடையாளக் கருவியின் குறியீடு கிடைக்கவில்லை. முடிவு செய்வதற்குப் பணிக்குழுவினருக்கு இருந்த நேரம் சுமார் ஒரு நிமிடம். அவர்கள் யந்திரத்தின் சொல்லை நம்பிச் சுட்டனர். பத்து நாட்களுக்குப்பின், ஏப்ரல் 2-ஆம் நாள், அமெரிக்கக் கடற்படையின் சொந்தப் போர்விமானம் ஒன்றும் அதே வகை ஏவுகணையால் வீழ்ந்தது. அதன் விமானியும் மாண்டார்.

நிகழ்ச்சிகள் கற்பிப்பவை

மூன்று இடங்களிலும் யந்திரத்தின் அருகில் மனிதன் இருந்தான். ஒன்றில் யந்திரம் தவறியது, மனிதன் திருத்தினான். மற்றொன்றில் யந்திரத்தின் பதிவு சரியாக இருந்தது, மனிதன் தவறினான். வேறொன்றில் யந்திரம் தவறியது. மனிதன் அதன் தவற்றை ஏற்றுக்கொண்டான். ஆகவே, மனிதன் அருகில் இருத்தல் மட்டும் போதாது என்பது தெளிவாகிறது. விசையின்மேல் ஒரு கை இருப்பதை மனிதக் கட்டுப்பாடு என்று கொண்டால், 2003-ஆம் ஆண்டு நிகழ்ச்சியிலும் அத்தகைய கட்டுப்பாடு இருந்தது என்றே கூறவேண்டிவரும்.

உண்மையான கட்டுப்பாட்டுக்கு மூன்று நிபந்தனைகள் தேவை எனலாம். முதலாவது, நேரம், ஐயுற்று ஆராய்வதற்கு இடமில்லாத விரைவில் மனிதனுடைய ஒப்புதல் வெறும் சடங்காகிவிடும். இரண்டாவது, அறிவு, யந்திரம் எதைக் கொண்டு அவ்வாறு சொல்கிறது, எங்கே தவறக்கூடும் என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். பெட்ரோவ் எச்சரிக்கை முறையின் குறைகளை அறிந்திருந்தார். மூன்றாவது, மறுக்கும் அதிகாரம். யந்திரத்தின் சொல்லை ஏற்காதவன் தண்டனைக்கு அஞ்சவேண்டிய நிலை இருந்தால், அறிவும் நேரமும் இருந்தும் பயனில்லை.

கணிப்பொறியின் விடையை மனிதர்கள் வேண்டியதற்கு மேல் நம்பும் இயல்பையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும். நூறு முறை சரியாகச் சொன்ன யந்திரத்தின் நூற்றோராவது சொல்லை ஐயுறுவது அரிது. யந்திரம் திறமை மிக்கதாக ஆக ஆக, அதனைக் கண்காணிப்பவரின் விழிப்பு குறைகிறது. பிழை அரிதாக நேரும்போதே விழிப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பது இதிலுள்ள பெருஞ்சங்கடமாகும். கணிப்பொறி விஞ்ஞானத்தின் முன்னோடிகளுள் ஒருவரான நார்பர்ட் வீனர், தானியங்கு சாதனங்களின் அறநெறி விளைவுகளைப் பற்றி 1960-ஆம் ஆண்டிலேயே ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை எழுதினார். யந்திரம் மனிதனைவிட மிக விரைவாகச் செயற்பட்டால், அது தவறான வழியில் செல்வதை மனிதன் உணரும்போது தடுப்பதற்குக் காலம் கடந்திருக்கும் என்பது அவர் எச்சரித்த செய்தி.

விரைவின் அபாயம் போர்க்களத்துக்கு வெளியிலும் வெளிப்பட்டுள்ளது. 2010-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் அமெரிக்கப் பங்குச் சந்தையில், கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று எதிர்வினையாகப் பங்குகளை விற்றதும் சேர்ந்து, முக்கியமான விலைக் குறியீடு சில நிமிடங்களில் ஏறத்தாழ 1,000 புள்ளிகள் சரிந்து, பின் பெரும்பகுதி மீண்டது. அதன்பின் வணிகத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் விதிகள் வலுப்படுத்தப்பட்டன. இரு நாடுகளின் தானியங்கும் ஆயுதங்கள் எல்லையில் ஒன்றையொன்று எதிர்கொண்டால், அங்கே வணிகத்தை நிறுத்தும் மணி இல்லை. போன உயிர் மீள்வதும் இல்லை.

ஆதரிப்போர் கூறும் காரணங்கள்

இவ்வாயுதங்களை ஆதரிப்போரின் வாதங்களை அலட்சியம் செய்வது முறையன்று. விரைந்து வரும் ஏவுகணையைத் தடுக்க மனிதனின் கை வேகம் போதாது என்கின்றனர், இது உண்மையே. வானொலித் தொடர்பைப் பகைவன் தடை செய்துவிட்டால், தொலைவிலிருந்து இயக்கப்படும் கருவி பயனற்றுப்போகிறது. தானே இயங்குவது தொடர்ந்து செயற்படும். இதுவும் உண்மையே. யந்திரத்துக்குச் சினமோ அச்சமோ பழிவாங்கும் எண்ணமோ இல்லையாதலால், களைத்துப்போன வீரனைவிட அது ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பது மூன்றாவது வாதம்.

முதல் வாதம், யந்திரத்தை எதிர்த்து யந்திரத்தை நிறுத்தும் தற்காப்புக்குப் பெரிதும் பொருந்தும். மனிதரைத் தேடிச் செல்லும் ஆயுதத்துக்கு அதே அளவு பொருந்தாது. இரண்டாவது வாதத்தில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. தொடர்பு அறுந்தபின் செயற்படும் ஆயுதத்தைத் திரும்ப அழைக்கவும் இயலாது. சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டாலும் அதற்குத் தெரியாது. மூன்றாவது வாதத்தில் பாதி உண்மை உண்டு. யந்திரத்துக்குச் சினம் இல்லை. அதுபோலவே இரக்கமும் இல்லை. ஆயுதத்தைக் கீழே போட்டுக் கைகளை உயர்த்தும் வீரனையும், காயமுற்று வீழ்ந்தவனையும், பொம்மைத் துப்பாக்கியோடு ஓடிவரும் சிறுவனையும் கண்டு மனிதன் தயங்குகிறான். அத்தயக்கம் பல உயிர்களைக் காத்துள்ளது.

பொறுப்பு யாருடையது?

போரிலும் வரம்புகள் உண்டு என்பது உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட கொள்கை. படையினரையும் பொதுமக்களையும் வேறுபடுத்த வேண்டும். எதிர்பார்க்கும் இராணுவ நன்மைக்கு மிஞ்சிய அழிவைப் பொதுமக்களுக்கு விளைவிக்கலாகாது. தாக்குமுன் வேண்டிய எச்சரிக்கைகளை மேற்கொள்ள வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களும், அவற்றோடு 1977-ல் சேர்க்கப்பட்ட துணை ஒப்பந்தங்களும் இத்துறையின் அடிப்படை நூல்கள். எழுதப்பட்ட விதி இல்லாத இடத்திலும் மனித நேயக் கோட்பாடுகளும் பொது மனச்சாட்சியும் மக்களைக் காக்கும் என்ற வாசகம் 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டிலேயே ஏற்கப்பட்டது. அதனைக் கொணர்ந்த ரஷ்யப் பிரதிநிதியின் பெயரால் அது மார்ட்டென்ஸ் விதி என்று வழங்குகிறது.

இவ்விதிகள் அனைத்தும் மனிதனை நோக்கியே எழுதப்பட்டவை. விதியை மீறியவனை விசாரிக்கலாம், தண்டிக்கலாம். யந்திரத்தைத் தண்டிப்பதற்குப் பொருளில்லை. தானியங்கும் ஆயுதம் ஒரு பள்ளியைத் தாக்கிவிட்டால், இலக்கை அது தேர்ந்தெடுக்கும் என்று தளபதிக்கு முன்கூட்டித் தெரியாது என்பார். நிரலை எழுதியவர், அது எங்கே பயன்படுத்தப்படும் என்று தமக்குத் தெரியாது என்பார். தயாரித்த நிறுவனம், ஒப்பந்தத்தில் கண்ட சோதனைகள் அனைத்தையும் நிறைவேற்றியதாகக் கூறும். ஒவ்வொருவர் கூற்றிலும் சிறிது நியாயம் இருக்கும். முடிவில் மாண்ட குழந்தைகளுக்காக விடை கூறுவார் ஒருவரும் இரார். மின்வேலி வழக்கில் நீதிமன்றம் ஏற்க மறுக்கும் விடையை, விஞ்ஞானத்தின் பெயரால் ஏற்கும் நிலை இவ்வாறு உருவாகக்கூடும்.

நாடுகளின் முயற்சி

ஆயுதங்களை ஒப்பந்தத்தால் கட்டுப்படுத்தியதற்கு முன்மாதிரிகள் உண்டு. கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதங்கள் போரில் பரவுமுன்னரே, 1995-ல் ஓர் ஒப்பந்தத்தால் தடை செய்யப்பட்டன. மிதித்தவர் யார் என்று அறியாமல் வெடிக்கும் கண்ணிவெடிகளை முற்றிலும் விலக்கும் ஒட்டாவா ஒப்பந்தம் 1997-ல் கையெழுத்தாகி, 160-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்த்துக்கொண்டது. இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா ஆகியவை அதில் சேரவில்லை. எல்லைப் பாதுகாப்பு அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. எனினும், கண்ணிவெடிகளின் உபயோகத்தை வரம்புக்குட்படுத்தும் வேறோர் ஒப்பந்தத்தை இந்தியா ஏற்றுள்ளது. 2025-ல் ஐரோப்பிய நாடுகள் சில ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவு செய்தமை, அச்சம் மிகும்போது இத்தகைய வரம்புகள் எவ்வளவு எளிதில் தளர்கின்றன என்பதைக் காட்டியது.

தானியங்கும் ஆயுதங்களைப் பற்றிய பேச்சு, 1980-ல் உருவான சில மரபுவழி ஆயுதங்கள் பற்றிய ஒப்பந்தத்தின்கீழ் ஜெனீவாவில் 2014-ல் தொடங்கியது. இதற்கென அமைக்கப்பட்ட அரசாங்க வல்லுநர் குழு 2017-லும் 2018-லும் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில் தலைமையில் கூடியது. 2019-ல் பதினொரு வழிகாட்டும் கொள்கைகளை உறுப்பு நாடுகள் ஏற்றன. ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவுக்கான பொறுப்பு மனிதனிடமே நிலைத்திருக்க வேண்டும், அதனை யந்திரத்துக்கு மாற்ற இயலாது என்பது அவற்றுள் ஒன்று. மனிதரைக் குறிவைக்கும் தானியங்கு ஆயுதங்களையும், விளைவை முன்கூட்டிக் கணிக்க இயலாதவற்றையும் தடை செய்து, ஏனையவற்றை வரம்புக்குட்படுத்த வேண்டும் என்று செஞ்சிலுவைக் குழு 2021-ல் பரிந்துரைத்தது. 2023 அக்டோபரில் அக்குழுவின் தலைவரும் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளரும் சேர்ந்து, 2026-க்குள் சட்டபூர்வமான ஒப்பந்தம் ஒன்றை முடிக்குமாறு நாடுகளை வேண்டினர். அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை இப்பிரச்சினையைப் பற்றிய தீர்மானம் ஒன்றை 152 வாக்குகளால் நிறைவேற்றியது. இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகள் எதிர்த்து வாக்களித்தன. ஜெனீவாவில் நடைபெறும் பேச்சே இதற்குத் தக்க இடம் என்பதும், அதற்கு இணையாக வேறொரு முயற்சி வேண்டுவதில்லை என்பதும் இந்தியாவின் நிலை. அமெரிக்காவின் பாதுகாப்புத் துறை 2012-ல் வெளியிட்டு 2023-ல் திருத்திய உத்தரவும், படைவலியைப் பயன்படுத்துவதில் தக்க அளவு மனிதத் தீர்ப்பு இருக்கவேண்டும் என்கிறது. அந்தத் ‘தக்க அளவு’ எவ்வளவு என்பதிலேயே கருத்து வேற்றுமை அடங்கியிருக்கிறது. அளவை நிர்ணயிக்கும்போது நேரம், அறிவு, மறுக்கும் அதிகாரம் என்னும் மூன்றையும் உரைகல்லாகக் கொள்வது பயன் தரும்.

களத்திலும் வகுப்பிலும்

யுத்தகளம் தொலைவில் இருப்பினும் இவ்வாராய்ச்சியின் பயன் அருகிலேயே உள்ளது. இலையின் படத்தைக் கொண்டு பூச்சியையும் நோயையும் இனங்காணும் கணிப்பொறி முறைகள் இப்போது வயலுக்கு வந்துவிட்டன. மத்திய வேளாண்மை அமைச்சகம் 2024-ல் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை அவற்றுள் ஒன்று. அத்தகைய கருவிகள் பெரிதும் உதவக்கூடியவை. ஆனால், கருவி ஒரு பெயரைச் சொன்னவுடன் மருந்தைத் தெளிக்கச் சொல்லும் களப் பணியாளர், 2003-ஆம் ஆண்டின் பணிக்குழுவினர் செய்த பிழையையே சிறிய அளவில் செய்கிறார். செடியின் அடியைக் கிளறிப் பார்த்து, சென்ற வாரம் பெய்த மழையை நினைவுகூர்ந்து, உழவரைக் கேட்டறிந்து, அதன்பின் யந்திரத்தின் சொல்லை ஏற்பவரே அதனை முறையாகப் பயன்படுத்துகிறார். அவ்வாறு ஐயுற்று மறுத்த பணியாளரைக் கண்டிக்காமல், அவர் கூறும் காரணத்தைக் கேட்பது மேலதிகாரியின் கடமை. அக்காரணம் எழுத்தில் பதிவானால், கருவியைத் திருத்துவதற்கும் அது உதவும்.

சந்தைக் கணக்கை மாணவர்கள் தாமே செய்து பார்த்து 100 என்ற விடையை அடைந்தபின், அந்த நூறு பேருக்காக விடை கூறவேண்டியவர் யார் என்ற வினாவை ஆசிரியர் அவர்கள் முன் வைக்கலாம். சிலர் யந்திரம் என்பர். சிலர் அதனைச் செய்தவர் என்பர். சிலர் ஏவியவர் என்பர். மின்வேலிக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டு உறங்கச் சென்றவரின் கதையை அப்போது சொன்னால், விவாதம் தானே உரிய இடத்தை வந்தடையும்.